சிசிடிவி அறையில் கழுத்து, படிக்கட்டில் தடுமாற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் கழுத்தைப் பற்றி நாளிதழிலும் வானொலியிலும் வரும் ஆலோசனைகளை நான் விடாமல் கவனிப்பவள். எல்லாமே வலியைப் பற்றித்தான் பேசுகின்றன. வலித்தால் ஒத்தடம் கொடு, தைலம் தேய், நாற்காலியை மாற்று. வலிக்காவிட்டால் உனக்கு ஒன்றுமில்லை, போ. கழுத்து கெட்டால் நடையும் தடுமாறும் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. என் கழுத்து பெரிதாக வலித்ததே கிடையாது. ஆனால் கைப்பிடியை விட்டுவிட்டுப் படி இறங்க முடியாத நிலைக்கு அது என்னைக் கொண்டுவந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். கட்டட நிர்வாகங்களுக்கு நான் கடைசியில் சொல்லியிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு வயது 57. சிங்கப்பூர் நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பாதுகாவல் அதிகாரியாக இருக்கிறேன். செக்யூரிட்டி என்றால் வாசலில் விறைப்பாக நிற்பவர் என்றுதான் இன்னமும் பலர் நினைக்கிறார்கள். எங்களில் பலருக்கு இன்று வேலை நாற்காலியில்தான். 12 மணி நேர ஷிப்டில் ரோந்து போகும் நேரம் தவிர மீதியெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் திரைகளுக்கு முன்னால்.

அந்த அறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜன்னல் கிடையாது. சுவரில் இரண்டு வரிசையாகத் திரைகள். மேல்வரிசை ஏறக்குறைய கூரையை ஒட்டி இருக்கிறது. ஏன் அவ்வளவு உயரத்தில் என்று கேட்டால், கீழே தீ அலாரப் பெட்டியும் சுவிட்ச் போர்டும் இருக்கின்றன, வேறு இடமில்லை என்பார்கள். மேசைமேல் ஷிப்டில் நடப்பதை எழுதிவைக்கும் ஆக்கரன்ஸ் புக், வருகையாளர் பதிவுக்கு ஒரு டேப்லெட், இண்டர்காம், லிஃப்ட் அவசர மணிக்கான போன். ஆக, கழுத்துக்கு அங்கே இரண்டே நிலைதான். திரையைப் பார்க்கும்போது தாடை முன்னே நீண்டு முகம் மேலே போகும். புத்தகத்தில் எழுதும்போது தலை மார்பை நோக்கித் தொங்கும். நேர் எதிரே பார்க்கலாம் என்றால் அங்கே பார்ப்பதற்கு வெறும் சுவர்தான் இருக்கிறது.

என் கழுத்து இந்த அறைக்கு வந்த பிறகு கெட்டதும் இல்லை. 1980களின் கடைசியில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, அங் மோ கியோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நம் பெண்கள் எத்தனையோ பேர் அந்தக் காலத்தில் அந்த வேலைக்குப் போனோம். சில்லுகளில் ஒட்டியிருக்கும் தங்கக் கம்பி, தலைமுடியைவிட மெல்லியது, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வேலை. நாற்காலியின் உயரத்தை மாற்றலாம், மைக்ரோஸ்கோப்பின் கண்ணை மாற்ற முடியாது. அதற்கு ஏற்றபடி நாங்கள்தான் எங்களை மடக்கிக்கொண்டோம். குட்டையானவர்கள் எக்குவார்கள், நெட்டையானவர்கள் கூனுவார்கள். லைன் லீடர் எண்ணுவது டிரேயை. யாருடைய முதுகையும் இல்லை. ஓவர்டைம் கிடைத்தால் சந்தோஷம்.

இனி தடுமாற்றத்துக்கு வருகிறேன். ரோந்தின்போது மேல் மாடியிலிருந்து ஒவ்வொரு தளத்திலும் வந்துபோனதைப் பதியும் கிளாக்கிங் செய்துகொண்டே அவசரப் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் நீண்ட நேரம் இருந்துவிட்டு எழுந்து போகும் ரோந்தில்தான் அது வரும். தலை சுற்றாது, அறையும் சுழலாது. தலைக்குள் லேசான மிதப்பு. காலை எங்கே வைக்கிறோம் என்பதில் ஒரு சந்தேகம். கதவுச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினால், தலை போன பக்கத்துக்கு உடம்பும் ஓரடி போய்விடும். நடந்துகொண்டே கடைப் பலகைகளைப் பார்ப்பது, சாலையைக் கடக்கும்போது இருபுறமும் பார்ப்பது, பேருந்தில் மேலே கம்பியைப் பிடித்தபடி நிறுத்தத்தின் பெயரை அண்ணாந்து பார்ப்பது, இவையெல்லாம் யோசித்துச் செய்ய வேண்டிய காரியங்கள் ஆகிவிட்டன.

ஜோகூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வரும் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன், "பிரஷர் பாருங்கக்கா" என்றான். நம்மவர்களுக்கு எந்தத் தலைச்சுற்றும் பிரஷர்தான். மலாய் சூப்பர்வைசர் தண்ணீர் போதவில்லை என்றார். என் அக்கா தொலைபேசியில் பித்தம் என்றாள். இஞ்சியும் தேனும் அனுப்பிவைத்தாள். ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது, கழுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை.

பலதுறை மருந்தகத்து மருத்துவர் அவசரப்படவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம் எடுத்தார். சர்க்கரை, ரத்தசோகை, நான் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்தபடி சட்டென்று பின்னால் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கும்படி வைத்துக்கொண்டு என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் புகுந்துவிட்டால், படுக்கையில் புரண்டாலே உலகம் சில நொடிகள் சுழலும். அப்படியிருந்தால் இந்தச் சோதனையின்போது கருவிழி தானாகத் துடிக்கும். அதற்கு மாத்திரைகூட வேண்டாமாம், தலையை முறைப்படி திருப்பியே துகளை வெளியேற்றிவிடலாமாம். எனக்கு அது இல்லை. கழுத்தால் வரும் தடுமாற்றத்துக்கு இதுதான் என்று உறுதிசெய்யும் தனிச் சோதனை எதுவும் கிடையாது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் கழுத்துக்கு வர முடியும் என்று அவர் விளக்கினார். இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, எனக்கும் கழுத்துதான் என்று யாரும் தாமாக முடிவுகட்ட வேண்டாம். தலைச்சுற்றலோடு பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், முகம் கோணினால், ஒரு பக்கக் கை கால் பலமிழந்தால் கழுத்துப் பயிற்சி செய்துகொண்டு இருக்காமல் உடனே 995ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். சின்னப் பெண், நம் தமிழ்ப் பெண். முதலில் பக்கவாட்டில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தாள். கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பிலிருந்து காதுத் துளையின் முன்னிருக்கும் சிறு மேடு வரை ஒரு கோடு, அதே எலும்பிலிருந்து தரைக்கு இணையாக இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் பொதுவாக 50 பாகைக்கு மேல் இருக்க வேண்டுமாம். குறையக் குறையத் தலை முன்னே போயிருக்கிறது என்று பொருள். என் தலை நன்றாகவே போயிருந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதானே.

அடுத்த சோதனைதான் என்னை உலுக்கியது. தலையில் ஒரு பட்டையை மாட்டி, அதில் சிறிய லேசர் விளக்கு ஒன்றைப் பொருத்தினாள். சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி நாற்காலி. சுவரில் வட்டங்கள் வரைந்த தாள். சிவப்புப் புள்ளி நடு வட்டத்தில் விழும்படி உட்கார்ந்து, அந்த நிலையை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையை முழுக்க வலப்பக்கம் திருப்பி, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தினேன்.

"நேராத்தானே வெச்சிருக்கேன்?"

"கண்ணைத் திறந்து பாருங்க ஆன்ட்டி."

புள்ளி தாளிலேயே இல்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த கை கழுவும் அறிவிப்பின்மேல் நின்றுகொண்டிருந்தது. ஏறத்தாழ 7 சென்டிமீட்டருக்குள், அதாவது 4.5 பாகைக்குள் பிசகினால் பரவாயில்லையாம். இந்தச் சோதனை முறையை ஒரு பிரெஞ்சு மருத்துவர் 1991இல் வெளியிட்டார் என்றும் சொன்னாள். என் தலை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அதைவிட, தெரியும் என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்! மறுபடி மறுபடி செய்து பார்த்தோம். இடப்பக்கம் திரும்பினால் பிசகு குறைவு, வலப்பக்கம் அதிகம். எங்கள் அறையில் டேப்லெட்டும் இண்டர்காமும் வலப்பக்கம் இருப்பது அதற்குக் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். அப்படிச் சொன்னதாலேயே அவள் சொன்ன மற்றதையும் நம்பினேன்.

நாம் விழாமல் நிற்பதற்கு மூளை மூன்று இடங்களில் தகவல் கேட்கிறது. கண், உட்காது, உடம்பின் தசைகளும் மூட்டுகளும். இந்த மூன்றாவதில் கழுத்துக்குத் தனி இடம் உண்டு. உட்காது சொல்வது தலையின் அசைவை மட்டும்தான். தலை மட்டும் அசைந்ததா, உடம்போடு சேர்ந்து அசைந்ததா என்று பிரித்துச் சொல்வது கழுத்து. மண்டையோட்டின் அடியில், முதல் இரண்டு கழுத்தெலும்புகளை ஒட்டி, விரல் நீளம்கூட இல்லாத சின்னத் தசைகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை உணரும் நுண்ணிய உறுப்புகள் உடம்பின் மற்றத் தசைகளைவிட அங்கே மிக நெருக்கமாக இருக்கின்றனவாம். தாடையை முன்னே நீட்டித் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால், அதே தசைகள் மணிக்கணக்கில் சுருங்கிக் கிடக்கின்றன. அவை அனுப்பும் செய்தி மங்கிப்போகிறது, அல்லது தப்பாகப் போகிறது. எங்கள் வேலையில் ஒரே வாசலை மூன்று கேமராக்கள் காட்டும். அதில் ஒன்றின் கடிகாரம் சில நொடிகள் பிந்தினாலும் ஆள் உள்ளே வந்தாரா வெளியே போனாரா என்று குழப்பம் வந்துவிடும். அந்த மாதிரி மூளையும் திணறுகிறது. வெளிச்சமான நடைபாதையில் கண் சமாளித்துவிடும். மங்கலான அவசரப் படிக்கட்டில் தலையைத் திருப்பும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. மகனை உட்காரவைத்துத் தேடிப் படிக்கச் சொன்னேன். தென்கொரியாவில் 2012இல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கணினியில் நெடுங்காலமாக வேலை செய்யும் 30 பேரையும், கணினியை அதிகம் தொடாத 30 பேரையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். கணினிக்காரர்களுக்குத் தலை முன்னே போயிருந்தது, உடம்பின் எடை மையமும் முன்னே தள்ளியிருந்தது, சமநிலைச் சோதனையில் அவர்கள் பின்தங்கினார்கள். கழுத்தின் பின்தசைகளைக் களைப்படையச் செய்தால் நிற்கும்போது உடம்பின் ஆட்டம் கூடுகிறது என்று 2003இல் வெளிவந்த ஒரு பரிசோதனை காட்டியது. அதைவிட வேடிக்கை, பிடரித் தசைமேல் அதிர்வுக் கருவியை வைத்தால் கண் மூடி நிற்பவர் தம்மை அறியாமல் முன்னால் சாய்வாராம். தசை நீண்டுவிட்டதாக மூளை ஏமாந்து உடம்பை அதற்கேற்ப நகர்த்துகிறது.

அந்தக் கொரிய ஆய்வு அறுபது பேரை வைத்து எடுத்த அளவுதான். முன்னே போன தலைதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. உட்கார்ந்தே இருப்பவர்களுக்குக் கால் பலமும் குறைந்திருக்கும், தூக்கமும் கெட்டிருக்கும், கண்ணும் களைத்திருக்கும். கழுத்து கோணியிருந்தும் கம்பியில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படம் உங்களுக்கும் வந்திருக்கும்: கைப்பேசியை 60 பாகை குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ சுமை என்று, ஒரு பையன் கழுத்தில் மூட்டையை உட்காரவைத்த மாதிரி. அது 2014இல் ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. உண்மையான மனிதக் கழுத்தில் அளந்தது இல்லை. குனிந்தால் சுமை கூடும் என்பது சரி. அதற்காகக் குழந்தைகளை மிரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பிசியோவும், சரியான நிலை என்று ஒன்றில் விறைத்து உட்காராதீர்கள், ஒரே நிலையில் கிடப்பதுதான் தொல்லை என்றே சொன்னாள்.

நம்மூர் வழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேக்கா பக்கம் முடி வெட்டிக்கொள்ளப் போகும் ஆண்கள், முடிந்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் படக் படக்கென்று முறித்துவிடச் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு அது இல்லாமல் முடி வெட்டிய திருப்தியே வராது. கழுத்தெலும்புக்குள் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஓடுகிறது. வேகமாகத் திருகும்போது அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான். ஆனால் தலைச்சுற்றல் இருக்கும் ஒருவர் அதற்குத் தீர்வாகப் போய்த் தலையைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் இதைச் சொல்லிச் சண்டை போட்டு, இப்போது தோளைப் பிடித்துவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

யாரும் கவனிக்காத இன்னொரு குற்றவாளி மூக்குக் கண்ணாடி. ஐம்பதைத் தாண்டிய பலரும் போட்டிருப்பது மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று ஒன்றாகச் சேர்ந்த முற்போக்கு லென்ஸ். கைநீட்டும் தூரத்தில் இருக்கும் திரையை அதன் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும் என்றால் தாடையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். திரை உயரத்தில் இருந்தால் இன்னும் தூக்க வேண்டும். அதே கண்ணாடியோடு படி இறங்கும்போது காலடி கீழ்ப்பகுதியில் விழுந்து மங்கலாகத் தெரிகிறது. இப்படிப்பட்ட கண்ணாடி அணிந்த முதியவர்களுக்கு ஆழம் தெரிவது குறைகிறது, விழும் அபாயம் கூடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002இலேயே எழுதியிருக்கிறார்கள். கழுத்தையும் கெடுத்து, படியையும் மறைத்தால் மனுஷி என்ன செய்வாள்? கடைக்காரரிடம் திரைக்கு இருக்கும் தூரத்தை அளந்துகொண்டு போய்ச் சொல்லி, அறையில் போட ஒரு தனிக் கண்ணாடியும், ரோந்துக்குத் தூரப் பார்வை மட்டும் உள்ள ஒன்றும் வாங்கினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது எரிச்சல்தான். அறைக் கண்ணாடியோடு காப்பி வாங்கப் போய் எதிரே வரும் மேலாளரை அடையாளம் தெரியாமல் கடந்துபோனதும் உண்டு.

பயிற்சிகள் எளிமையானவை. சுவரில் முதுகைச் சாய்த்துத் தலையாட்டாமல் தாடையை மட்டும் உள்ளே இழுப்பது. கட்டைவிரலை முகத்துக்கு எதிரே நீட்டிப் பிடித்து, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் மெதுவாக இடமும் வலமும் திருப்புவது. லேசர் விளக்கைக் கட்டிக்கொண்டு சுவரில் எட்டு வரைவது. ஒரு காலின் குதிகால் இன்னொரு காலின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்பது. அதைச் சமையலறை மேடையைப் பிடித்துக்கொள்ளும் தூரத்தில் செய்ய வேண்டும். சில வாரங்களில் புள்ளி தாளுக்குள் வந்துவிட்டது. படிக்கட்டில் இன்னமும் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டுதான் இறங்குகிறேன், ஆனால் இறுகப் பிடிப்பதில்லை. கழுத்துப் பயிற்சியால் மட்டுமா, கண்ணாடியாலா, அரை மணிக்கொரு தடவை எழுந்து நடப்பதாலா என்று கேட்டால் எனக்குப் பிரிக்கத் தெரியாது.

எங்கள் அறைக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். திரைகளை இறக்கச் சொல்லிக் கேட்டபோது, ரிப்பேர் ஆகாத பொருளுக்கு ஏன் செலவு என்று பதில் வந்தது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும் என்பது ஒன்றும் நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை. அலுவலகங்களுக்கு இங்கே எஸ்எஸ் 514 என்று சிங்கப்பூர்த் தர விதித்தொகுப்பே இருக்கிறது. அதைச் சொன்னேன். இது அலுவலகம் இல்லை, காவல் அறை என்றார்கள்! தண்ணீர் சிந்தினால் மஞ்சள் பலகை வைக்கச் சொல்லித் துரத்துபவர்கள் இவர்கள்தான். கடைசியில் கேமரா பராமரிப்புக்கு வந்த டெக்னீஷியன் கீழ்வரிசையை ஒரு சாண் இறக்கி, அடிக்கடி பார்க்க வேண்டிய வாசல், லோடிங் பே, கார் நிறுத்தக் காட்சிகளை அதற்கு மாற்றிக் கொடுத்தார். ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்ச நேரமும்தான் ஆனது. மேல்வரிசை இன்னமும் கூரையில்தான். ஆக்கரன்ஸ் புக்குக்குச் சாய்வுப் பலகை நானே வாங்கி வைத்தேன்.

என் வீட்டிலும் இதே கதைதான். மகன் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்த பொருள் அது. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வசதியாக வைத்தால் கை தூக்க வேண்டும். பழைய டெலிபோன் புத்தகங்களை அடியில் அடுக்கி, தனி விசைப்பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வீடியோ கூட்டத்தில் பார்க்க நன்றாக இல்லை என்று புத்தகங்களை எடுத்துவிட்டான். முப்பது வயசுப் பிள்ளைக்கு வலியும் இல்லை, தடுமாற்றமும் இல்லை, அம்மா பேச்சு எங்கே ஏறும்?

என் கவலை அவனைப் பற்றியும்தான். விழுவது என்றாலே முதியவர்கள் விஷயம் என்று இங்கே ஒதுக்கிவிட்டார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் துடிப்பாக மூப்படையும் நிலையங்களில் சமநிலைப் பயிற்சி கிடைக்கிறது, நல்லது. வேலையில் இருக்கும் ஐம்பதுகளுக்கு என்ன இருக்கிறது? சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் நடைச் சவால் காலடிகளை எண்ணுகிறது. தடுமாறி வைத்த அடியும் அதில் ஓர் அடிதான். ஓய்வு வயது 2022இல் 63 ஆனது, 2026 ஜூலை முதல் 64. ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் தொடர வழிசெய்யும் மறுவேலை வயது அதே மாதம் முதல் 69. இன்னும் நெடுநாள் வேலை செய்யப் போகிறோம், அதில் பெரும்பகுதியை உட்கார்ந்து. மனிதவள அமைச்சின் விபத்து அறிக்கைகளில் வழுக்கியும் தடுக்கியும் விழுவது ஆண்டு தவறாமல் முன்வரிசையில் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் தரையைத்தான் சோதிக்கிறோம். விழுந்தவர் அதற்கு முன் எத்தனை மணி நேரம் எந்த உயரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எந்தப் படிவத்திலும் ஒரு கேள்வி நான் பார்க்கவில்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றம் அந்த ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்.

பாதுகாவல் நிறுவனங்களை ஒப்பந்தத்தில் எடுக்கும் கட்டட நிர்வாகங்களுக்கும் கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். டெண்டரில் எத்தனை அதிகாரிகள், என்ன சீருடை, எத்தனை ரோந்து, எந்தத் தவற்றுக்கு எவ்வளவு பிடித்தம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். திரைகள் எந்த உயரத்தில், நாற்காலி எப்படி, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து ஆளை மாற்றுவது என்று ஒரு பத்தி சேருங்கள். எழுதுவதற்கு முன் குழுவில் யாராவது ஒருவர் உங்கள் காவல் அறைக்குப் போய், எங்கள் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து மேல்வரிசைத் திரையைப் பார்த்துவிட்டு, அப்படியே எழுந்து அவசரப் படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கிப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாதுகாவல் அதிகாரியாகப் பணிபுரியும் வாசகி,
ஈசூன்